பன்னிரண்டு வருடப் பீப்பாய்

அன்புள்ளவருக்கு,

சென்னையில் வெயில் குறைந்ததா? அத்தையிடம் நான் ஏதோ லேபில் வேலை பார்ப்பதாகவே சொல்லிக்கொண்டிருங்கள், பரவாயில்லை.

இங்கே ஹென்டர்சனில், நான் வேலை பார்க்கும் விஸ்கி ஆலையின் முதல் பீப்பாயை இன்று திறந்தோம். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அதை நிரப்பியவர் எங்கள் முதலாளி மார்கரெட் அக்காவின் கணவர் அந்தோணிசாமி. ஈப்போவிலிருந்து வந்து இந்த ஆலையைத் தொடங்கியவர். மறு வருடமே இறந்துவிட்டார். ஆலையை விற்றுவிடச் சொல்லி எல்லோரும் வற்புறுத்தியும், ஒரு சொட்டுகூடக் குடிக்காத அக்கா விஸ்கியின் பதத்தை முகர்ந்து பார்த்தே அறிந்து, அதை வளர்த்தெடுத்தார்.

பீப்பாயில் மூன்றில் ஒரு பங்கு ஆவியாகிவிட்டிருந்தது. அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள்.

“தேவதைங்க இல்ல, அவருதான் குடிச்சிருப்பாரு,” என்று சிரித்தபடி அக்கா முதல் கிளாஸை என்னிடம் நீட்டினார்.

தேனும் புகையுமாக மணத்தது. ஒரு வாய் குடித்தேன்.

“அவர் ஜெயிச்சுட்டார்க்கா.”

அக்கா அழுதுவிட்டார். பிறகு ஒரு புதுப் பீப்பாயைக் காட்டினார்.

“நிரப்புறவங்களே திறக்கணும்னு அவருக்கு ஆசை. அவரால முடியல. இத நீ நிரப்பி, திறக்கிற வரைக்கும் இங்கயே இருப்பியா?”

எப்போது திரும்பி வருகிறாய் என்று நீங்கள் போனில் கேட்டதற்கு இதுதான் என் பதில். இன்று பீப்பாயை நிரப்பி, அதன்மேல் என் பெயரை எழுதினேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து அதைத் திறக்கும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

என்றும்,
உங்கள் மனைவி