டிம்னா அக்காவின் படம்

அன்பு மகள் டெர்வ்லாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது. உன் இருமல் விட்டதா? வான்கூவர் குளிரில் ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. உருளைக்கிழங்கு நன்றாக விளைந்தது, கறுப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நம் பங்குக் கோயில் அணி ஹர்லிங் மட்டைப்பந்து ஆட்டத்தில் தோற்றுப்போனதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

பெரிய செய்தி வேறு. நம் ஊர் கன்னியர் மடத்தை மூடுகிறார்கள். அங்கிருக்கும் பழைய போட்டோக்களும் கடிதங்களும் டப்ளினில் சபையின் ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன், முகம் தெரிந்தவர்கள் வந்து பேர் சொல்லுங்கள் என்று சிஸ்டர் கான்செப்டா ஞாயிறு பூசையில் கேட்டுக்கொண்டார். எனக்கு உடனே என் மூத்த அக்கா டிம்னாவின் ஞாபகம். நான் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்தபோதே கன்னியாஸ்திரீயாகி ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியவள், அங்கேயே காய்ச்சலில் இறந்து ஜாம்பியா மண்ணிலேயே அடக்கமானாள். அவளைக் கட்டாயப்படுத்தி மடத்துக்கு அனுப்பியது எங்கள் அப்பாதான் என்பது உன் பிலோமினா அத்தையின் தீராத வழக்கு என்று உனக்கே தெரியும். அன்றிலிருந்து அந்த மடத்து வாசலை அத்தை மிதித்ததில்லை. நான் போய்க் கூப்பிட்டதற்கு, "அவளை முழுங்கின இடம்டா அது, நான் ஏன் வரணும்?" என்று சீறினாள். "எனக்கு அவ முகமே மங்கிப்போச்சு அக்கா, நீயும் வரலைன்னா அவ பேரில்லாமலே பெட்டிக்குள்ள போயிடுவா" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் மறுநாள் நான் சாவியோடு வெளியே வந்தபோது, நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

மேசை முழுக்கப் படங்கள். முக்காட்டுக்குள் எல்லா முகமும் ஒன்றுபோல இருக்கிறது. நான் ஒன்றைக் காட்டினேன், "முடிதான் போச்சுன்னு பார்த்தா உனக்குக் கண்ணும் போச்சா? அது யாரோ கிழவி" என்றாள். அப்புறம் சட்டென்று நின்றுவிட்டாள். செம்மண் மைதானம், சுற்றிலும் பள்ளிக்கூடத்துப் பெண்கள், நடுவில் அங்கியை இழுத்துச் செருகிக்கொண்டு ஹர்லிங் மட்டையை ஓங்கியபடி ஒரு சிஸ்டர், வாய்கொள்ளாத சிரிப்பு. பின்பக்கம் "ஜாம்பியா, பெயர் தெரியவில்லை" என்று எழுதியிருந்தது. "இடது கைப் பிடி பாருடா. இதுக்காகவே அம்மாகிட்ட எத்தனை அடி வாங்கியிருப்பா!" என்றாள் அத்தை. சிஸ்டர் கான்செப்டா அங்கிருந்து வந்த கடிதக் கட்டை எடுத்துவந்தார். அதில் டிம்னா தலைமைச் சிஸ்டருக்கு, புனிதர் படங்கள் நிறைய வந்துவிட்டன, இனிமேல் தயவுசெய்து பந்துகள் அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறாள். அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் நேராகவே கேட்டாள், "உண்மையைச் சொல்லுங்க சிஸ்டர், அவ அங்க அழுதாளா?" சிஸ்டர் கொஞ்சம் யோசித்து, "தெரியலைம்மா. அப்பெல்லாம் மேலே இருக்கறவங்க படிச்ச பிறகுதான் எங்க கடிதம் தபாலுக்குப் போகும். அழுதிருந்தாலும் எழுதியிருக்க மாட்டாங்க. நானும் எழுதினதில்ல" என்றார். அந்தப் பதில் அத்தைக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கடிதத்தை எப்படி வேணா எழுத வைக்கலாம். இப்படிச் சிரின்னு எவனும் உத்தரவு போட முடியாது" என்றாள். பென்சிலை வாங்கிப் படத்தின் பின்னால், டிம்னா ஹன்ரஹன், பிலோமினாவின் அக்கா என்று எழுதினாள். சிஸ்டர் கான்செப்டா, மடத்தில் வைத்த சபைப் பெயரை நான் கீழே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தச் சொல்லி, தன் கேக்கைத் தின்றுவிட்டு என்னுடையதிலும் பாதி தின்றாள். "அப்பாவை நான் இன்னும் மன்னிக்கலைடா, அது வேற" என்றாள், ஆனால் குரலில் பழைய கசப்பு இல்லை. எனக்கும் மனசு நிறைவாக இருக்கிறது, மகளே.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, கையுறை இல்லாமல் வெளியே போகாதே. ஆண்டவர் உன்னை எங்கிருந்தாலும் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு மறக்காமல் போன் செய், சத்தமாகப் பேசு. இந்த வயதில் பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன வேண்டும் என்று உன்னிடம்தான் கேட்க வேண்டுமாம். தனியாக ஜாம்பியாவுக்கா என்றேன். "துணைக்கு நீ வர்றதானா வா, இல்லைன்னா உன் பசுவோட இரு" என்கிறாள்.

என்றும் உன் நினைவோடு,
அப்பா கோல்மன்