பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு கேள்வி

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அத்தை, நான் மூவரும் சுகம். நீ சுகமா என்பதை உன் கையால் நாலு வரி எழுதினால்தான் நம்புவேன், ஐந்து வாரமாகப் போனில் வருகிற "நல்லா இருக்கேன்மா" எல்லாம் எனக்குச் சேர்த்தி இல்லை. அப்பா கண்ணாடிக் கடையை வழக்கம்போல் பத்து மணிக்குத் திறக்கிறார், ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டுத் தன்னுடையதற்கு மட்டும் உடைந்த காலில் நூல் சுற்றிக் காலத்தை ஓட்டுகிறார். அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிக்கு ஏறி வந்து என்னோடு வம்பளக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

போன தடவை வந்தபோது என் போனில் ஒரு ஏஐயைப் போட்டுக் கொடுத்தாயே, "கதை எழுத ஒத்தாசையா இருக்கும், கேட்டுப் பாரும்மா" என்று. இருபத்திரண்டு நாவல் எழுதியவளுக்கு ஒத்தாசையா என்று இரண்டு மாதம் அதைத் தொடவே இல்லை, அப்புறம் கை துறுதுறுத்தது. இப்போது நான் வாயால் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்கிறது. அதில் ஒரு வேடிக்கை கேள். கோர்ட்டில் கதாநாயகி சாட்சி சொல்லும் இடத்தை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், குளியலறையிலிருந்து அப்பா "துண்டு எங்க?" என்று கத்தினார், அதுவும் கதாநாயகி வாயில் ஏறிவிட்டது. நான் கவனிக்காமல் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டால், விசாரணைக்கு நடுவே துண்டைத் தேடுவது அந்தப் பெண்ணின் மனக்குழப்பத்தை அழகாகக் காட்டுகிறதாம். எதைக் கொடுத்தாலும் தலையாட்டும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அத்தை அதற்கு ஆமாஞ்சாமி என்று பெயரே வைத்துவிட்டாள்.

எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. இதன் வாயிலிருந்து உண்மையை வரவழைப்பது எப்படி என்று ஒரு வாரம் யோசித்தேன். பிறகு அதே அத்தியாயத்தைத் திரும்பக் கொடுத்து, இதை எழுதியது நானில்லை, என் நாத்தனார், தாட்சண்யம் பார்க்காமல் குறை சொல் என்றேன். கொட்டித் தீர்த்துவிட்டது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதை இது எந்த வீட்டில் கற்றுக்கொண்டதோ. அன்றுமுதல் எல்லா அத்தியாயமும் அத்தை பெயரில்தான் போகிறது. ஒருநாள் அவளே பார்த்துவிட்டு, "ஏன் அண்ணி, என் எழுத்து வளவளன்னு இருக்குன்னு போட்டிருக்கே, மளிகைச் சீட்டைத் தவிர நான் என்னத்த எழுதினேன்" என்று கேட்டாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது தினமும் வந்து, "இன்னிக்கு நான் எப்படி எழுதியிருக்கேனாம்" என்று விசாரிக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு டாக்டர் பையன் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு அம்மா முன்னால் வந்து நிற்கிறான். எங்கிருந்து எடுத்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலம் கட்டும் கம்பெனி வேலையை விட்டுவிட்டேன் என்று போன் பண்ணினாயே, அன்று நான் முக்கால் மணி நேரம் பேசியதில் பாதிக்குமேல் அதில் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் எழுதியது தப்புத்தான். ஆனாலும் அம்மா பேசுகிற இடம் பிரமாதமாக வந்திருக்கிறது, படிப்பவர்கள் அழுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஆமாஞ்சாமி என்ன சொன்னது தெரியுமா. உங்கள் நாத்தனார் எழுதிய இந்த அம்மா ஆறு பக்கம் பேசுகிறாள், மகனிடம் இரண்டே கேள்விதான் கேட்கிறாள், அவன் ஏன் வேலையை விட்டான் என்று கடைசிவரை தெரியவில்லை என்றது. எனக்குச் சுருக்கென்றது. எண்ணுவதில் அது அடிக்கடி கோட்டை விடும், இதிலும் விட்டிருக்கும் என்று சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு சமையலறை மேஜையில் நானே எண்ண உட்கார்ந்தேன். தப்பாகத்தான் எண்ணியிருந்தது. இரண்டு இல்லை, ஒன்று. "இதுக்குத்தான் உன்னைப் படிக்க வெச்சேனா" என்பதையும் கேள்வியில் சேர்த்திருக்கிறது, பாவம், அதற்கு அம்மா கிடையாது. மிச்சம் இருந்தது "சாப்பிட்டியா".

சரி, காரணத்தை நீயே சொல் என்று அதையே கேட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் ஐந்து காரணம் கொடுத்தது. வேலைப்பளு, மேலதிகாரியோடு சண்டை, ஒரு காதல், ஒரு வியாதி, தன் கையால் நேர்ந்த ஒரு தவறு. ஐந்தும் கதைக்குத் தோதானவைதான். அவற்றுக்குக் கீழே ஆறு என்று போட்டு, உன் காரணத்தை எழுதலாம் என்று பேனாவைப் பிடித்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. அதற்கு உன்னைத் தெரியாது, எனக்குத் தெரிய வேண்டும் அல்லவா. எத்தனையோ பேர் மனதுக்குள் புகுந்து பார்த்துக் கதை எழுதினேன், உன் கதவை ஒரு தட்டுத் தட்டவில்லை. அழுதேன், மறைப்பானேன். அப்பாவுக்காவது தெரியுமா என்று கேட்டேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "இப்பத் தெரியுதா, இப்பத் தெரியுதா" என்று கேட்டுக் கேட்டுக் கண்ணாடி போடுகிற மனுஷன், "நீ பேசி முடிச்சதும் கேக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள அவன் போனை வெச்சுட்டான்" என்றார்.

அதனால் கேட்கிறேன். ஏன் விட்டாய் கண்ணா? அங்கே என்ன நடந்தது? பகலெல்லாம் இப்போது என்ன செய்கிறாய்? நாவலுக்காகக் கேட்கவில்லை, அந்த டாக்டருக்கு ஐந்தில் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். நீ சொல்வது என் காதோடு இருக்கும், ஆமாஞ்சாமிக்கும் போகாது. இந்தக் கடிதத்தையும் அதனிடம் காட்டவில்லை, அத்தை எழுதியது என்று சொல்ல மனம் வரவில்லை.

எந்த வேலையில் இருந்தாலும், வேலையே இல்லாவிட்டாலும், நீ நோய்நொடி இல்லாமல் மனம் நிறைந்து இருக்க வேண்டும். அப்பாவும் அத்தையும் ஆசீர்வாதம் எழுதச் சொன்னார்கள். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, நான் பழக்க தோஷத்தில் நடுவே புகுந்து பேச ஆரம்பித்தால் கோபப்பட்டு வைத்துவிடாதே, "சாப்பிட்டேம்மா" என்று ஒரு வார்த்தை சொல். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா