பகல் நித்திரை

நவம்பர் 11, செவ்வாய்

பாமன்கடையிலிருந்து மச்சாள் வந்திருந்தார். பகல் பதினொரு மணி. மருமகள் சுகந்தி படுத்திருந்தாள். வீட்டிலிருந்தே ஒரு வங்கியின் தரவுத்தளங்களைப் பராமரிப்பவள். கணினி சத்தம் போட்டும் எழும்பவில்லை. மச்சாளின் காதுபடவே கதவைத் தட்டிச் சொன்னேன்.

"சம்பளம் வாங்கிக்கொண்டு நித்திரை கொள்ளுறது எங்கட வீட்டுப் பழக்கமில்லை, பிள்ளை."

எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். "வங்கியின்ர நாலு சேர்வர் கணினி ஒண்டா ஓடுது மாமி. இப்ப ஒண்டு பழுதாகி விழுந்திட்டுது, இன்னொண்டு தானாவே அதின்ர வேலையை எடுத்திட்டுது. முந்தி இதுக்குத்தானே இரவிரவா முழிச்சிருந்தனான். அதாலதான் எல்லாம் தானா நடக்கிற மாதிரி எழுதி வைச்சனான்."

மச்சாளுக்குச் சிரிப்பு. "அப்ப இந்த வீட்டில முழிச்சிருக்கிற காவல்காரி நீங்கள்தான், மச்சாள்!"

பிழை விட்டவர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கொன்வென்ட் பள்ளியில் பழகியவள் நான். ஆனால் தேநீர் போடத்தான் போனேன். அந்த இரவுகளில் அவள் அறையில் லைட் எரிந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மச்சாள் போன பிறகும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

பின்னேரம் முழுக்கச் சுகந்தி மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். செய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், அவசரமாக விசைப்பலகையில் கை வைத்தாள்.