மஞ்சள்காமாலை உனக்கில்லை

லேக் மார்க்கெட், கொல்கத்தா
புதன்கிழமை

அன்புள்ள மதுவந்திக்கு,

அண்ணா ஜெய்ராம் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் மன்னி ரோஹிணியும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுப் பதிலை முழுசாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், ஏனென்றால் போன ஞாயிற்றுக்கிழமை நான் அதைச் செய்யவில்லை. போலீஸ் பயிற்சிப் பள்ளியில் வாரத்துக்கு ஒரு தடவைதான் உங்கள் கையில் போனைத் தருகிறார்கள். தூக்கம் வரவில்லை, துப்பாக்கியை எடுத்தால் கை நடுங்குகிறது, மனநல டாக்டரம்மா கொடுத்த கேள்வித்தாளில் அதையெல்லாம் அப்படியே எழுதிவிட்டேன் என்றாய். நான் என்ன சொன்னேன்? நாடகம் போடாதே, மாசக் கடைசியில் மறுபடியும் தாள் கொடுப்பார்கள் இல்லையா, எல்லாத்துக்கும் இல்லை இல்லை என்று டிக் அடித்துவிட்டு டிரெயினிங்கை முடிக்கிற வழியைப் பார் என்றேன். போனையும் வைத்துவிட்டேன். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு இரண்டுமே நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன் செய்கிற வேலையா இது.

இங்கே நடந்ததையும் ரோஹிணி சொல்லி உனக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உன்னைப் பரேடுக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றதும், கேட்டவர்களுக்கெல்லாம் உனக்கு மஞ்சள்காமாலை என்று சொல்லிவிட்டேன். மனசு சரியில்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். தங்கை போலீஸ் ஆகப்போகிறாள் என்று மார்க்கெட் முழுக்கப் பீற்றிக்கொண்டவன் நான். கீழ்வீட்டு சாவித்திரி மாமி மறுநாளே கீழாநெல்லிப் பொடியோடு வந்து நின்றார். மேல்வீட்டு வங்காள அண்ணி, ஷுக்லா பௌதி, அதற்கும் மேலே போய், பாலிகஞ்சில் லோக்கல் ரயில் ஏறி, கூட்டத்தில் நின்றுகொண்டே தன் பிறந்த ஊருக்குப் போய், வங்காளிகள் மஞ்சள்காமாலைக்கு மந்திரித்துப் போடுகிற மாலையை வாங்கி வந்துவிட்டார். தலையில் வைத்தால் அது நீண்டு நீண்டு கழுத்துக்கு இறங்குமாம், இறங்க இறங்க நோயும் இறங்குமாம், நசுங்காமல் பார்சல் பண்ணி அனுப்பு என்றார். அதோடு விட்டாரா, ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் எவ்வளவு என்று கேட்டார். நானும் கூசாமல் ஆறு என்றேன். அடுப்படியிலிருந்து ரோஹிணி வந்து, பௌதி, அவளுக்குக் காமாலையும் இல்லை ஒன்றும் இல்லை, தூங்காமல் கிடந்து அழுகிறாள் என்று போட்டு உடைத்துவிட்டாள்.

பௌதி கோபித்துக்கொள்ளவில்லை. மாலையை வாங்கி என் தலையிலேயே வைத்து, வியாதிக்காரன் இங்கே இருக்கும்போது பார்சல் எதற்கு என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு ஒரு போன் பேசுகிற பெண்ணிடம் நீ என்ன பேசினாய் என்று கேட்டார். மது, தலையில் மாலையோடு நின்றேன்.

அதனால் சொல்கிறேன், கேள். தாளில் இருப்பதை இருக்கிறபடி எழுது. நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். வேகம் மீறினால் பிரேக் தானாகப் பிடித்து லிஃப்டை நிறுத்தும். நின்றுவிட்டதே என்று பிரேக்கைக் கழற்றுகிறவனை நான் சைட்டுக்குள்ளேயே விட மாட்டேன். உன்னிடம் மட்டும் அதைக் கழற்றச் சொன்னேன். கை நடுங்குகிற நாளில் துப்பாக்கியைத் தொடாதே, இன்ஸ்ட்ரக்டரிடம் சொல், திட்டினால் திட்டட்டும். நீ குரலை உயர்த்தாதவள், அது குறை இல்லை. போலீஸ்காரி என்றால் முரடாக இருக்க வேண்டும் என்று உன்னிடம் சொன்னது டாக்டரம்மா இல்லை, நான்தான். முடியவில்லை என்றால் வீட்டுக்கு வா. யாரிடமும் கதை கட்ட மாட்டேன், மாமியிடமும் உண்மையைச் சொல்லியாகிவிட்டது. அப்படியென்றால் பொடியைத் திருப்பிக் கொடு, சும்மாவா வருகிறது என்று வாங்கிக்கொண்டு போனவர், படியிலிருந்து திரும்பி, குழந்தையை நான் விசாரித்ததாக எழுது என்றார். எழுதிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, ராஜஸ்தான் வெயிலில் மோர் கிடைத்தால் விடாதே. வீட்டிலிருந்து ஒருவர் வந்து பேச வேண்டும் என்று டாக்டரம்மா கூப்பிட்டபோது லீவு இல்லை என்றேன். இருந்தது. இப்போது லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், டிக்கெட் மட்டும் எடுக்கவில்லை. நான் வந்து நிற்பது உனக்கு இன்னொரு பாரமாகிவிடுமோ என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல், வரட்டுமா? வேண்டாம் என்றால் கோபிக்க மாட்டேன். அடுத்த வாரமும் கேட்பேன்.

உனக்கு நல்ல தூக்கமும் நீண்ட ஆயுளும் உண்டாகட்டும். தாளில் உண்மையை எழுது, மறக்காதே.

இப்படிக்கு
உன் அண்ணா
ஜெய்ராம்