அன்று அவர்கள் சொன்னது என்னவென்றால், அத்தா

என் அத்தாவுக்கு, ஸலாம்.

இதை உங்களால் படிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோதே உங்களுக்கு எழுத்து வராது. கையெழுத்து என்று மூன்று எழுத்து போடுவீர்கள், அதுவும் நான் சொல்லிக்கொடுத்தது. காது பிறவியிலேயே கேட்காது. கேட்காத, படிக்கத் தெரியாத ஆளுக்குப் போய்க் கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கென்ன கிறுக்கா என்று நாலு பேர் நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். கையால் பேசுவதென்றால் நீங்கள் எதிரே இருக்க வேண்டும், இல்லையே. வேறு என்னதான் செய்வேன்?

முதலில் ஊர்ச் செய்தி. லாஸ்பேட்டையில் நீங்கள் வேலை பார்த்த சீட் கவர் கடையில் உங்கள் மிஷினில் இப்போது வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவர் தைத்தது ஆறே மாதத்தில் ஓரம் பிரிந்துவிடுகிறதாம். என்னோடு படிக்கிற மாலதி சொன்னாள். அவள் ஸ்கூட்டருக்கு நீங்கள் போட்ட சீட் இன்னும் கல் மாதிரி இருக்கிறது. "உங்கப்பா தச்சது கிழியவே மாட்டேங்குது, வண்டி போனாலும் சீட்டு இருக்கும் போல" என்று அவள் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அம்மா சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாள். நான் எம்.ஏ. பிரெஞ்சு இரண்டாம் வருஷம். மதியம் லுஹர் தொழுகைக்கு டிபார்ட்மென்டில் பெண்கள் அறை ஒன்று உண்டு, தாழ்ப்பாள் இல்லாத அறை. மாலதி வெளியே நின்றுகொண்டு "உள்ள ஆள் இருக்குது, அஞ்சு நிமிஷம்" என்று எல்லாரையும் விரட்டுவாள். நீங்கள் போன பிறகு இரண்டு மாதம் நான் அந்த அறைக்குப் போகவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

பிரெஞ்சுக்கு நீங்கள் வைத்திருந்த சைகை ஞாபகம் இருக்கிறதா? பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன, நம்மூர் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி. நெற்றிக்கு மேலே கையை வைத்துத் தொப்பி விளிம்பைப் பிடிப்பீர்கள். "இன்று தொப்பிப் பாடம் என்ன?" என்று தினமும் கேட்பீர்கள். நான் சத்தமாகப் படித்தால் எதிரே உட்கார்ந்து என் உதட்டையே பார்ப்பீர்கள். வாயசைவு பார்த்தே பாதி பேச்சைப் பிடிக்கிற ஆள் ஆயிற்றே நீங்கள்! தமிழ் பேசும்போது இல்லாத ஒரு குவிப்பு பிரெஞ்சில் என் உதட்டுக்கு வருகிறது என்று முதலில் கண்டுபிடித்தது நீங்கள்தான், என் பேராசிரியர்கூட இல்லை. உதட்டைக் குவித்து மீன் மாதிரி செய்து காட்டி, அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.

மொழி படிக்கிறவள் என்று ஊரில் எனக்குப் பெயர். அரபி ஓத ஆறு வருஷம் மதரஸா. பிரெஞ்சுக்கு ஐந்து வருஷமாகக் கல்லூரியும் பல்கலைக்கழகமும். உங்கள் மொழிக்கு ஒரு நாள் வகுப்பு கிடையாது. நம் வீட்டுச் சைகையெல்லாம் சேர்த்தால் எவ்வளவு தேறும்? சோறு, காசு, மழை, காய்ச்சல், அம்மா கோபமாக இருக்கிறாள், பெரியத்தா வருகிறார் சட்டையைப் போடு. அதற்கு மேல் எதையாவது உங்களுக்குச் சொல்ல நான் மெனக்கெட்டிருக்கிறேனா?

நான் வீட்டில் இருக்கிற வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, எல்லாருக்கும் முன்னால் பள்ளிவாசலுக்குப் போய் முதல் வரிசையில் உட்காருவீர்கள். ஹஜ்ரத் முக்கால் மணி நேரம் பயான் செய்வார். ஒரு வார்த்தை உங்களுக்குக் கேட்காது. ஸ்பீக்கர் வழியாக நம் சமையலறை வரைக்கும் வந்து எனக்குத்தான் அத்தனையும் கேட்கும். வீட்டுக்கு வந்ததும் தாடையைத் தூக்கி என்னிடம் கேட்பீர்கள்: என்ன சொன்னார்? நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இரண்டு சைகை காட்டுவேன். பொய் சொல்லக் கூடாது. ஏழைக்குக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஹஜ்ரத் நூஹ் நபியின் கப்பலைப் பற்றிப் பேசியிருந்தாலும் சரி, கப்ருக்குழியைப் பற்றிப் பேசியிருந்தாலும் சரி, உங்களுக்கு அந்த இரண்டே சைகைதான். ஒரு தடவை நீங்கள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினீர்கள். இவ்வளவு நேரம் பேசினாரே, இதற்கா? நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

பெருநாளன்று வீடு நிறைய ஆள் இருக்கும். பெரியத்தா ஏதாவது சொல்லுவார், கூடமே குலுங்கும். எல்லாரும் சிரித்து முடிக்கிற நேரத்தில் நீங்கள் சிரிக்க ஆரம்பிப்பீர்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தாடையைத் தூக்குவீர்கள். அவர் கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டுவார். ஒண்ணுமில்ல. அம்மாவைக் கேட்பீர்கள், அவளும் ஒண்ணுமில்ல என்பாள். கடைசியில் என்னிடம் வருவீர்கள். நானும் அதே மாதிரி ஆட்டுவேன். அப்புறம் சொல்றேன் என்று ஒரு விரலைச் சுழற்றுவேன். அப்புறம் எப்போது சொன்னேன்? ஒரு தடவையாவது சொன்னேனா, அத்தா?

இனிமேல் எழுதுவதற்குத்தான் இந்தக் கடிதம். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது போதும்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சாயங்காலம், அஸர் நேரம். உங்கள் இருதயம் வீங்கிப் போயிருக்கிறது, இனிமேல் எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். மூக்கிலும் வாயிலும் மாஸ்க். வலது கையில் ஊசி. போகிறவரின் காதில் அல்லாஹ் ஒருவனே என்கிற கலிமாவைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், கடைசி வார்த்தை அதுவாக இருக்க வேண்டும் என்பது நம் வழக்கம் அல்லவா? பெரியத்தா உங்கள் வலது காதோரம் குனிந்து சொன்னார். அவர் மகன் இடது காதோரம் சொன்னார். பிறகு குரலை ஏற்றினார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்க்கிற அளவுக்கு ஏற்றினார்கள். ஐம்பத்தேழு வருஷமாக ஒரு சத்தமும் போகாத காதில் அன்றைக்கு மட்டும் போய்விடும் என்று எப்படித்தான் நினைத்தார்களோ! பாவம், அழுதுகொண்டே சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

உங்களுக்கு இரண்டு பக்கமும் மூச்சுக் காற்றுதான் பட்டிருக்கும். இரண்டு பேரும் காதோரம் இருந்ததால் அவர்கள் உதட்டைக்கூட உங்களால் பார்க்க முடியவில்லை. நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தீர்கள். மாஸ்கோடு தாடை கொஞ்சம் மேலே போனது.

என்ன சொல்கிறார்கள்?

கலிமாவுக்கு நம்மிடம் சைகை இல்லாமலா போயிற்று? தொழுகையில் அத்தஹிய்யாத் ஓத உட்காரும்போது, ஒருவனே என்று நீங்கள் தூக்குகிற சுட்டுவிரல். சின்ன வயதில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் தூக்குவேன். அரபி தெரியாது, கேட்காது, ஆனால் அந்த விரல் உங்களுக்குத் தெரியும். அந்த ஒற்றை விரலை நான் தூக்கியிருந்தால் போதும். உங்களுக்குப் புரிந்திருக்கும். நான் கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினேன். ஒண்ணுமில்ல. தூங்குங்க.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சாகப் போகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமே என்று இரக்கப்பட்டுத்தான் அப்படிச் செய்தேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய், அத்தா. அந்த நேரத்தில் நான் எதையுமே யோசிக்கவில்லை. பழகின கை, தானாக ஆடிவிட்டது. வெங்காயம் நறுக்கும்போது ஆடின அதே கை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "அங்க அவருக்கு எல்லாம் கேக்கும்மா, கவலப்படாத." எனக்கு எரிச்சலாக வந்தது. இங்கே சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டு அங்கே கேட்கும் என்றால் என்ன அர்த்தம்? அம்மா நாலு மாதம் பத்து நாள் துக்கமிருந்து இத்தா முடிந்த பிறகு ஹஜ்ரத்தைப் பார்க்கப் போனேன். அவர் மனைவியும் பக்கத்தில் இருந்தார். கேட்க முடியாதவர் கலிமா கேட்காமலேயே போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அல்லா அவருக்கு எத குடுக்கலையோ, அத அவராண்ட கேக்க மாட்டான்மா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மொத ஆளா வந்து உக்காந்தவரு. நீ நிம்மதியா இரு" என்றார் ஹஜ்ரத்.

உங்களைப் பற்றி எனக்கு அன்றைக்கே நிம்மதி வந்துவிட்டது. ஆனால் படியிறங்கும்போது பாதியில் நின்றுவிட்டேன். உங்களுக்குக் கொடுக்காததை உங்களிடம் கேட்க மாட்டான், சரி. எனக்குக் கொடுத்திருந்தானே? காதும் கொடுத்து, கையும் கொடுத்து, எதிரே நிற்கவும் வைத்தானே?

போன மாதம் மாலதி என்னைக் கேட்காமலேயே என் பெயரையும் சேர்த்துச் சனிக்கிழமை சைகை மொழி வகுப்பில் கொடுத்துவிட்டாள். "வந்து பாரு. புடிக்கலன்னா போயிடலாம்" என்றாள். சொல்லிக்கொடுக்கிறவள் ஷீலா என்று ஒரு பெண், எங்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள் இருப்பாள். உங்களைப் போலவே பிறவியில் கேட்காதவள். அவள் கையைப் பார்க்க வேண்டுமே! கோபம் சொல்வாள், கிண்டல் சொல்வாள், நாளைக்கு, நேற்றைக்கு, ஒருவேளை, அல்லாஹ், ஓட்டு, வாடகை, காதல் எல்லாம் சொல்வாள். சொல்ல முடியாதது என்று ஒன்று கிடையாது. இது இவ்வளவு பெரிய மொழி என்று தெரியாமல் உங்களுக்கு நான் இரண்டு சைகையில் பயான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வகுப்பில் ஷீலா போர்டில் எழுதினாள்: எங்களுக்கு எதைக் கண்டால் ரொம்ப வெறுப்பு? ஒருவன் "ஊமைன்னு கூப்புடறது" என்றான். இன்னொருத்தி "கேலி பண்றது" என்றாள். ஷீலா அவர்கள் உதட்டைப் பார்த்துவிட்டு, அது இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் எங்கள் பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு சலிப்பை வரவழைத்துக்கொண்டு, கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வகுப்பு சிரித்தது. நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வண்டி நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்து அழுதேன். மாலதி ஸ்கூட்டரில், நீங்கள் தைத்த சீட்டில்தான். ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டுத் திரும்ப உள்ளே போனேன். ஒரு வகுப்பு விடாமல் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. பயான் ஆரம்பித்ததும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். அண்டை வீட்டாருக்குச் செய்ய வேண்டிய கடமையைப் பற்றி ஹஜ்ரத் பேசினார். தெரிந்த சைகையில் தெரிந்த வரைக்கும் ஒரு வாக்கியம் விடாமல் செய்துகொண்டே வந்தேன். தெரியாத இடத்தில் எழுத்தெழுத்தாக விரலில் காட்டினேன். பத்து நிமிஷத்தில் கை வலித்தது. அம்மா கதவோரம் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை.

"யாருக்குடீ சொல்ற?"

"அத்தாவுக்கும்மா."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள். பிறகு கேட்டாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில உன்னாண்ட என்னாவோ கேட்டாரே. என்னாடீ கேட்டாரு?"

ஒண்ணுமில்லமா. அது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, அத்தா. கைகூட மடியிலிருந்து எழுந்துவிட்டது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் காதாண்ட என்னா சொல்றாங்கன்னு கேட்டாரும்மா. கலிமா சொல்றாங்கன்னு நான் சொல்லல. ஒண்ணுமில்ல, தூங்குங்கன்னு சொல்லிட்டேன்."

அம்மா முந்தானையைச் சுருட்டுவதை நிறுத்தினாள். வெளியே இகாமத் சொல்லி, தொழுகையே ஆரம்பித்துவிட்டது.

"உனக்கு முன்னாடி என்னாண்டதான்டி கேட்டாரு" என்றாள். "என்னத்தான் மொதல்ல பாத்தாரு. நான் மூஞ்சத் திருப்பிக்கினேன். அதான் உன்னாண்ட கேட்டாரு."

நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம்.

ஆகவே அம்மாவுக்கும் சேர்த்து நானே சொல்கிறேன், அத்தா. அன்று அவர்கள் சொன்னது கலிமா. நீங்கள் போகிற நேரம் வந்துவிட்டது, அது உங்களைத் தவிர அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும், அதனால் அழுதுகொண்டே சொன்னார்கள். உங்களுக்குக் கேட்காது என்று தெரிந்தும் பெரியத்தா நிறுத்தாமல் சொன்னார். நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் பயந்திருப்பீர்கள், பயப்பட உங்களுக்கு உரிமை இருந்தது. உங்கள் மரணம் உங்களுடையது. அதை ஒண்ணுமில்ல என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை?

மறுமையில் உங்களைக் கேட்கிற காதோடுதான் எழுப்புவான் என்கிறார்கள். எழுப்பட்டும், சந்தோஷம். ஆனால் என்னைப் பார்த்ததும் ஒரே ஒரு தடவை தாடையைத் தூக்கிக் கேளுங்கள். கேட்டால், எத்தனை பேர் வரிசையில் நின்றாலும், எவ்வளவு நேரமானாலும், நீங்கள் இருந்த நாளெல்லாம் உங்களைச் சுற்றி யார் யார் என்ன பேசினார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்று ஒன்று விடாமல் சொல்கிறேன். அதுவரைக்கும் இங்கே யார் என்னிடம் கேட்டாலும் என் கை அப்படி ஆடாது. இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
பெயரைச் சொல்ல முடியாமல், புருவத்தைத் தொட்டு நீங்கள் கூப்பிட்ட உங்கள் மகள்