பதினெட்டுப் பேரில் பதினாறு பேர்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் வீட்டுக்காரி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால்தான் கடிதம். பதினோரு வருடமாக விழுங்கிய குடல் மாத்திரைகளை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது! நீ ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிற அதே பெப்டைடு மருந்தை இணையத்தில் வாங்கி, தினமும் காலையில் வயிற்றில் நானே ஊசி போட்டுக்கொள்கிறேன். சீசாவில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று இருந்தது. விற்றவனிடம் கேட்டேன். "அது சட்டத்துக்காக ஒட்டுறது சார், கண்டுக்காதீங்க" என்றான்.

அவன் பேச்சு எனக்கு எதற்கு? போன கடிதத்தில் நீயே எழுதியிருந்தாயே, 'பதினெட்டுப் பேரில் பதினாறு பேருக்குக் குடல்புண் ஆறிவிட்டது' என்று. மறுபடியும் நெடுந்தூர பஸ் ஓட்டுகிறேன். ஊசியின் அளவு சரியா என்று மட்டும் சொல்.

உன் குண்டு
(இப்போது பெயரில் மட்டும்)

மார்ச் 9

அடேய் குண்டு,

படித்த உடனே எழுதுகிறேன். அந்தப் பதினெட்டுப் பேரும் எலிகள்.

எங்கள் கூடத்தில் எலியை யாரும் எலி என்று சொல்வதில்லை. "இன்னிக்கு எத்தனை பேருக்கு ஊசி?" என்றுதான் கேட்போம். அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். அந்தக் கடிதத்தில் வேறு என்ன எழுதினேன் என்று நினைவில்லை. எலி என்ற சொல்லை எழுதவில்லை, அது நிச்சயம். என்னை என்ன செய்தால் தகும்?

கேள். அந்த எலிகளுக்கு ரசாயனம் கொடுத்துப் புண்ணை உண்டாக்கியதே நாங்கள்தான். ஒரு வாரப் புண். உன்னுடையது உன் உடம்பே உன் குடலைத் தாக்குகிற, பதினோரு வருட வியாதி. பெப்டைடு எல்லாம் பித்தலாட்டம் என்று நான் சொல்லவில்லை. இன்சுலினும் பெப்டைடுதான். அதை மனிதர்களிடம் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். உன் சீசாவில் இருப்பதற்கு அப்படிப்பட்ட சோதனை இல்லை. அதில் என்ன கலந்திருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது.

ஊசியை நிறுத்து. டாக்டரிடம் ஒன்று விடாமல் சொல். ரத்தம் போகிறதா? மறைக்காமல் எழுது.

அக்கா

மார்ச் 15

அக்கா,

நன்றாக இருக்கிறது உன் நியாயம். எழுதியது நீ, திட்டு வாங்குவது நானா?

நாற்பது பயணிகள் பார்க்க, நடுவழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் புதருக்கு ஓடியிருக்கிறாயா? திரும்பி வந்து ஏறும்போது ஒருவரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். இந்த ஏழு வாரமாக நான் எங்கும் நிறுத்தவில்லை. அதை எலி என்று சொல்லித் தள்ளிவிடாதே.

ரத்தம் நாலு நாளாகக் கொஞ்சம் போகிறது. காரம் சாப்பிட்டதாக இருக்கும். வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை போனாலும் உனக்குத் தம்பி கிடையாது. சொல்லிவிட்டேன்.

தம்பி

மார்ச் 18

தம்பி,

இந்தக் கடிதம் வருவதற்குள் உனக்கே தெரிந்திருக்கும். இன்று காலை அவளிடம் சொல்லிவிட்டேன். ஊசி, சீசா, ரத்தம், எல்லாம். "எங்கிட்ட மறைச்சுட்டாரே அண்ணி" என்று அழுதாள். உன்னை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். முரண்டு பிடிக்காதே.

அக்கா இல்லை என்று சொல்லிக்கொள். என்னோடு பேசாமல் இரு. உயிரோடு இரு, போதும். நான் எழுதிய ஒரு வார்த்தைக்காக நீ சாகக்கூடாதடா.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எழுதுகிறேன். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா குடலையே எடுத்திருக்கணும்" என்றார் டாக்டர். பழைய மருந்துகளைத் திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். ரத்தம் நின்றுவிட்டது. பஸ் கொஞ்ச நாளைக்குக் கிடையாது. காட்டிக்கொடுத்ததற்காக உன் மேல் கோபம் இன்னும் இருக்கிறது, அது தானாகப் போகட்டும்.

நீ தினமும் போன் செய்து, "என்னாலதானே, என்னாலதானே" என்று அழுவதாக வீட்டுக்காரி சொல்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருக்க முடியவில்லை.

உன் பழைய கடிதத்தில் அந்தப் 'பதினாறு பேர்' வரிக்கு அடுத்த வரி உனக்கு நினைவில்லை. எனக்கு மனப்பாடம். 'எல்லோரும் கூண்டுக்குள் வாலைச் சுருட்டிக்கொண்டு சுகமாகத் தூங்குகிறார்கள்.'

படித்தேன் அக்கா. முதல் நாளே படித்தேன். படித்துவிட்டு, அந்த வரிக்கு மேலே தாளை மடித்து வைத்துக்கொண்டேன். மடிப்பைப் பிரித்து மறுபடி பார்க்கவில்லை. எனக்கு அந்தப் பதினாறு பேர் வேண்டியிருந்தது. அப்புறம் பழியையும் உன் தலையில் போட்டேன்.

உன் முகத்தில் விழிக்க எனக்கு நாளாகும். இப்போது வராதே. கடிதம் மட்டும் போடு.

உன் தம்பி