அம்மா தலையில் உன் மணிமுடி

அன்புள்ள டக்னியா அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், போன ஞாயிற்றுக்கிழமை முதல் நம் அம்மா கல்யாணமாகாத பெண். மற்றபடி இங்கே அம்மா, அப்பா, நான், ஓயாத அயர்லாந்து மழை எல்லோரும் சுகம், அங்கே நம் தாய்நாட்டில், ரீகாவில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவின் கை இடுப்புப் பட்டை நெய்வதில் மாட்டிக்கொண்டதால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நடுக்கோடை விழா ஆட்டத்துக்கு எட்டுப் பெண்கள் தலையில் பாசிமணி கோத்த மணிமுடி வைத்து நிற்க வேண்டும், நீ போனதிலிருந்து ஏழு பேர்தான். கல்யாணமாகாதவளுக்குத்தான் மணிமுடி, எனக்குத் தலைக்குட்டைதான் என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் இன்டா விடவில்லை. "விஸ்மா, பாவாடையே இந்த ஊர் ஆட்டுக் கம்பளி, பின்னால ஜிப்பு வேற. அதையெல்லாம் பொறுத்துக்கிட்ட நம்ம ஜனங்க உன் தலையையா பொறுத்துக்க மாட்டாங்க?" என்றாள். அப்பாவுக்கோ ஒரே குஷி. "அப்ப நான் மறுபடியும் பொண்ணு கேட்டு வரணுமா? இந்தத் தடவை யோசிச்சுதான் வருவேன்" என்கிறார். "போன தடவை யோசிக்காம இருந்தது நான்தான்" என்றாள் அம்மா.

உன் மணிமுடி அவளுக்குச் சின்னது. பின்தையலைப் பிரித்துத் துண்டு வைத்தால் சரியாகிவிடும், இன்டா கத்தரிக்கோலோடு வந்தும்விட்டாள். அம்மா தொடவிடவில்லை. நாடா போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடுகிறாள், வீட்டுக்கு வந்ததும் நெற்றியில் சிவப்புத் தடத்தோடு தலைவலி என்று படுத்துவிடுகிறாள். "அவ திரும்பி வர்றதா இருந்தா அளவு அப்படியே இருக்கணும். வரலைன்னா பிரிச்சுடலாம். கேட்டு எழுதுடா, ஆனா நான் கேட்டதா எழுதாதே" என்றாள். எழுதிவிட்டேன்.

நீ இல்லாததால் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அறை இப்போது என் ராஜ்யம். உன் மணிமுடியும் என் காவலில்தான், ஈ எறும்புகூட அண்ட முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளிக் காலுறையை வெந்நீரில் போடாதே, கடவுள் உன்னைக் கைவிடமாட்டார் என்று அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறார்கள். விழாவுக்கு முன்னால் பதில் போடு.

இப்படிக்கு,
அம்மாவின் வாயும் தம்பி ரெய்னிஸின் கையும்

பின்குறிப்பு: அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். காவல்காரன்தான், அக்கா, திருடன். நேற்று என் சிநேகிதப் பையன்களைச் சிரிக்கவைக்க, அம்மா மாதிரி ஆடிக் காட்டுகிறேன் என்று உன் மணிமுடியை என் தலையில் மாட்டினேன், பின்தையல் விட்டுப்போனது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. 'பிரிச்சுக்கோங்க' என்று நீ எழுதினால் நான் தப்பித்தேன். ஆனாலும் அப்படி எழுதிவிடாதே. வருகிறேன் என்று எழுது, திட்டை நான் வாங்கிக்கொள்கிறேன்.